14 நாளில் ஒரு மண்புழுகூடச் சாகவில்லை. ஈயம், துத்தநாகம் கலந்த இந்த மண்ணைப் பற்றி என்ன சொல்லலாம்?

வேர்முடிச்சு:

வணக்கம். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரித்தெடுத்த இடத்தை ஒட்டிய நிலத்தின் மேல்மண் பற்றிய கேள்வி இது. 0 முதல் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்த மண். ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து அளந்ததில் கிலோ உலர்மண்ணுக்கு ஈயம் 640 மி.கி., துத்தநாகம் 310, செம்பு 85, காட்மியம் 2.8. பிஎச் 5.6. கரிமக் கார்பன் 1.2 சதவீதம்.

இதில் 500 கிராம் எடுத்து ஈரப்படுத்தி, கிளைடெல்லம் (முதிர்ந்த புழுவின் உடலில் தடித்துத் தெரியும் வளையம்) நன்றாகத் தெரியும் ஐசீனியா ஃபெட்டிடா இன மண்புழு பத்தை விட்டு 14 நாள் வைத்தாயிற்று. தீனி போடவில்லை. பத்தும் உயிரோடு இருக்கின்றன. மொத்த எடை மட்டும் 4.1 கிராமிலிருந்து 3.3 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. ஒப்பீட்டுக்காகத் தோட்டப் பாத்தி மண்ணில் விட்ட பத்தும் 4.2 கிராமிலிருந்து 4.0. இன்னொன்று: முதல் இரண்டு நாளும் சோதனை மண்ணில் இருந்த புழுக்களில் பாதி, டப்பாச் சுவரிலும் மூடியின் அடியிலும் ஏறிக் கிடந்தன. பாத்தி மண்ணில் அப்படி இல்லை.

எதுவும் சாகவில்லை என்பதால், உலோகம் புழுவை எட்டாத வடிவில் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஈயம் 640 இருந்தும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? புழுவின் உடலில் ஏறிய உலோகத்தை எப்படி அளப்பது? நிறையப் புழு விட்டு இந்த மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா?

---

புழுக்கூடை:

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. சாவு கடைசியில் வரும் அறிகுறி. அதற்கு முன்னால் வருபவற்றில் இரண்டு உங்கள் டப்பாவிலேயே தெரிகின்றன: எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, புழுக்கள் மண்ணை விட்டுச் சுவரேறியிருக்கின்றன.

14 நாள் சோதனை (ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிமுறை எண் 207, 1984) கடும் நச்சைக் கண்டுபிடிக்க வந்தது. கன உலோகத்தில் முதலில் அடிபடுவது இனப்பெருக்கம். இதே ஐசீனியா ஃபெட்டிடாவைச் செயற்கை மண்ணில் வைத்துப் பார்த்த எண்களைப் பாருங்கள். துத்தநாகத்தில், 14 நாளில் பாதிப் புழு சாகக் கிலோவுக்குச் சுமார் 1000 மி.கி. வேண்டும், முட்டைக்கூடு இடுவது பாதியாகக் குறைய 280 போதும். செம்பில் சாவுக்கு 680 வாக்கில், முட்டைக்கூடு பாதியாக 53. காட்மியம் 300 இருந்தும் பாதிப் புழு சாகவில்லை, ஆனால் 46இலேயே முட்டைக்கூடு பாதி. ஈயத்தில் முறையே 4500, 1900. செம்புக்கான எண் மண்ணுக்கு மண் ரொம்பவே மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் அளவுகளை அந்த முட்டைக்கூடு எண்களால் வகுத்துப் பாருங்கள். ஈயம் 0.3, துத்தநாகம் 1.1, செம்பு 1.6, காட்மியம் 0.06. கண்ணை உறுத்துவது ஈயத்தின் 640தான். ஆனால் இந்தப் புழுக்களின் வம்சத்தைத் தொடக்கூடியவை செம்பும் துத்தநாகமும். ஈயத்தை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. அது மண்ணில் விளையாடும் குழந்தைக்கும், புழுவைத் தின்னும் பறவைக்கும் ஆபத்து. புழுவுக்கு எது ஆபத்து என்பது வேறு கணக்கு.

வகுத்து வந்ததையே தீர்ப்பாகவும் எடுக்கக் கூடாது. செயற்கை மண்ணில் உலோக உப்பைக் கரைத்து அப்போதுதான் கலப்பார்கள். உங்கள் மண்ணில் அது வருடக்கணக்கில் ஊறி, களிமண்ணோடும் இரும்பு ஆக்சைடோடும் பிணைந்திருக்கும். அந்த வகையில் வீரியம் குறைவு. மறுபக்கம், செயற்கை மண்ணில் 10 சதவீதம் பீட் (சதுப்பில் பாதி மக்கிய தாவரப் பொருள்) உண்டு, பிஎச் 6 வாக்கில் இருக்கும். உங்களுடையதில் கரிமப் பொருளும் குறைவு, அமிலமும் அதிகம். அந்த வகையில் வீரியம் கூடும். இரண்டில் எது மேலோங்கும் என்பதைப் புழுவை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஒவ்வொரு உலோகத்துக்கும் புழுவிடம் ஒரு வழி இருக்கிறது. புழுவை அறுத்துப் பார்த்தால் குடலைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாகப் பஞ்சுபோல ஒரு திசு போர்த்தியிருக்கும். அதுதான் குளோரகோஜன் திசு. நம் கல்லீரல் செய்யும் வேலையில் பாதியை அது செய்கிறது. அதன் செல்களில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்த நுண்மணிகள் உண்டு. ஈயம் உள்ளே வந்தால் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து அந்த மணிக்குள்ளேயே அடைபட்டுவிடும். காட்மியத்தைப் பிடிப்பது மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதம். அதில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் நிறைய. காட்மியம் கந்தகத்தை விடாது. அப்படிப் பிடித்த காட்மியம் அநேகமாக வெளியேறுவதே இல்லை, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். துத்தநாகம் புழுவுக்குத் தேவையான சத்தும்கூட. மிஞ்சியதை அது சீக்கிரம் வெளியேற்றிவிடும். செம்பையும் ஓரளவு கட்டுப்படுத்தும், ஆனால் ஈயம், காட்மியம் போலப் பத்திரமாக அடைத்து வைக்கும் கிடங்கு அதற்குச் சரியாக இல்லை. அதனால்தான் செம்பு தாங்கும் அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் அடி விழுகிறது.

இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. புரதம் செய்யவும், மணி கட்டவும், வெளியே தள்ளவும் ஆகும் ஆற்றல், வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும் பிடுங்கப்படுவது. அதனால் எடை குறையும், கிளைடெல்லம் வெளிறிச் சுருங்கும், விந்துப்பைகளில் விந்தணு குறையும், முட்டைக்கூடு குறையும், இட்டதிலும் பொரிப்பது குறையும். முதிர்ந்த புழுக்கள் மாதக்கணக்கில் ஆரோக்கியமாகத் திரியும். குஞ்சு மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் தோண்டிப் பார்ப்பவருக்குப் புழு இருப்பதாகவே தோன்றும்.

ஆகவே எட்டு வாரச் சோதனை செய்யுங்கள் (ஓஇசிடி 222). மண்ணை 4 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். நிலத்து மண்ணில் ஏற்கெனவே புழுவும் முட்டைக்கூடும் இருக்கலாம், அவை கடைசி எண்ணிக்கையைக் குழப்பும். மைனஸ் 20 டிகிரியில் இரண்டு நாள் உறையவைத்து, உருகவிட்டு, மீண்டும் ஒரு முறை அப்படியே செய்தால் தொல்லை தீரும். ஒப்பீட்டு மண்ணுக்கும் இதே உறைதலைக் கொடுக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கு உலர் எடையில் 500 முதல் 600 கிராம், 5–6 செ.மீ. ஆழம். ஈரம், மண் பிடித்துவைக்கும் உச்ச அளவில் 40 முதல் 60 சதவீதம். கையில் எடுத்து அழுத்தினால் தண்ணீர் கசியக் கூடாது. டப்பாவை எடைபோட்டுக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை குறைந்த எடைக்குத் தண்ணீர் விடுங்கள்.

புழு 250 முதல் 600 மி.கி. எடை, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள், ஒன்றுக்கொன்று வயது வித்தியாசம் நாலு வாரத்துக்குள். ஒப்பீட்டு மண்ணில் ஒரு நாளாவது பழக்கிவிட்டு, அலசி, ஒற்றி, எடைபோட்டுப் பத்துப் பத்தாக விடுங்கள். வெப்பம் 18–22 டிகிரி, 16 மணி வெளிச்சம், 8 மணி இருட்டு. சோதனை மண்ணுக்கு நாலு டப்பா, ஒப்பீட்டுக்கு எட்டு. தீனி, மருந்து கொடுக்காத மாட்டின் சாணத்தைக் காயவைத்துப் பொடித்தது, வாரத்துக்கு 5 கிராம், மேலே தூவி 5–6 மி.லி. தண்ணீர். தின்னாமல் மிஞ்சினால் அடுத்த வாரம் குறையுங்கள். பூஞ்சை ஏறும் என்பது ஒரு காரணம். மேலே சுத்தமான தீனி குவிந்திருந்தால் புழு அங்கேயே தங்கி, சோதனை மண்ணுக்குள் இறங்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

28ஆம் நாள் முதிர்ந்த புழுக்களை எடுத்து, எண்ணி, எடைபோட்டு, மண்ணை முட்டைக்கூடோடு திரும்பப் போடுங்கள். அப்போது 5 கிராம் சாணத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் போதும், பிறகு தீனி வேண்டாம். இன்னும் நாலு வாரம் கழித்து டப்பாவை 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, வெப்பத்தை 60 வரை ஏற்றினால் சுமார் 20 நிமிடத்தில் குஞ்சுகள் மேற்பரப்புக்கு ஏறி வரும், பொறுக்கி எண்ணலாம். பின் அந்த மண்ணை 1 மி.மீ. சல்லடையில் தண்ணீர் விட்டுக் கழுவி முட்டைக்கூடுகளைத் தேடுங்கள். எலுமிச்சை வடிவம், மூன்று நாலு மி.மீ. புதிதாக இட்டது வெளிர் மஞ்சள், பொரிக்கும் தறுவாயில் செம்பழுப்பு. பொரித்த கூடு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெறுமையாக, ஒரு முனை கிழிந்திருக்கும். இருண்டு நிறைந்திருந்தால் பொரிக்காதது. குஞ்சு எண்ணிக்கையோடு இதையும் எழுதிவையுங்கள். முட்டையே இடவில்லையா, இட்டது பொரிக்கவில்லையா என்பது வேறு வேறு சேதி.

ஒப்பீட்டு டப்பா ஒவ்வொன்றிலும் 30 குஞ்சுக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும், முதல் நாலு வாரத்தில் அங்கே சாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது தவறினால் சோதனை மண்ணின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. எண்ணும்போது காணாமல் போன புழுவைச் செத்ததாகவே கணக்கில் எழுதுங்கள். உடல் சில நாளில் மண்ணோடு கரைந்துவிடும்.

---

களிமண்:

புழுக்கூடை சொன்ன எதிலும் மறுப்பில்லை. ஆனால் வேர்முடிச்சு, உங்கள் ஒப்பீட்டு மண்ணே சரியில்லை. பாத்தி மண்ணில் மக்கு நிறைய இருக்கும். உங்கள் சோதனை மண்ணில் கரிமக் கார்பன் 1.2தான். ஐசீனியா ஃபெட்டிடா எருக்குவியலில் வாழும் இனம், வெறும் மண் அதற்குப் பட்டினி. 0.8 கிராம் எடைக்குறைவில் பசி எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. அதே நிலத்தில், அதே மண்வகையில், உடைத்த இடத்திலிருந்து தள்ளி, காற்றும் ஓடுநீரும் வராத திசையில் மண் எடுங்கள். பிஎச், களிமண் விகிதம், கரிமக் கார்பன் மூன்றும் நெருங்கியிருக்க வேண்டும். பிஎச் மட்டும் ஒத்துவராவிட்டால் அதே மண்ணில் இன்னொரு பங்கை 5.6க்குக் கொண்டுவந்து இரண்டாவது ஒப்பீடாக வையுங்கள்.

பேட்டரி உடைத்த இடம் என்பதால் இரண்டு விஷயம். ஒன்று, கந்தக அமிலம் கொட்டியிருக்கும். மின்கடத்துதிறனையும் சல்பேட்டையும் அளந்துவிடுங்கள். உப்பு மிகுந்த மண்ணைக் கண்டும் புழு சுவரேறும். அதை உலோகத்தின் தலையில் கட்டக் கூடாது. இரண்டு, ஈயம் அங்கே சீராகப் பரவியிருக்காது. தகடும் பசையும் உதிர்ந்த துணுக்குகளாகக் கிடக்கும். 640 மி.கி. என்றால் ஒரு கிராம் மண்ணில் 0.64 மி.கி. அரை மி.மீ. குறுக்களவுகூட இல்லாத ஒரே ஒரு ஈயத் துணுக்கு அந்தக் கிராமுக்குள் விழுந்தாலே இந்த எண் வந்துவிடும். ஒரே ஒரு மாதிரியை நம்பாதீர்கள். பல இடத்து மண்ணைச் சேர்த்துக் கலந்து, 2 மி.மீ. சலித்து, நன்றாக அரைத்து, குறைந்தது மூன்று முறை தனித்தனியாகக் கரைத்து அளக்க வேண்டும். மூன்றும் எட்ட எட்ட வந்தால் துணுக்கு இருக்கிறது என்று பொருள். துணுக்குக்குள் அடைபட்ட ஈயம் புழுவை அவ்வளவு சீக்கிரம் எட்டாது.

மொத்த அளவோடு, 0.01 மோலார் கால்சியம் குளோரைடில் எடுத்த அளவும் வேண்டும். மண் ஒரு பங்கு, கரைசல் பத்துப் பங்கு, இரண்டு மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டி. மண்ணிடைநீரில் எது கரைந்திருக்கிறது என்பதை மொத்த அளவைவிட அதுதான் நன்றாகச் சொல்லும். துத்தநாகமும் காட்மியமும் பிஎச் குறையக் குறைய அங்கே ஏறும். செம்பு கரிமப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் மிகக் குறைவாகவே கரையும்.

இந்த மண்ணை உலர்வாகச் சலிக்கும்போது முகக்கவசம், கையுறை கட்டாயம். வீட்டுக்குள் சலிக்காதீர்கள்.

---

வேர்முடிச்சு:

ஒப்பீட்டு மண்ணை மாற்றுகிறேன், நன்றி. சுவரேறியதை மட்டும் தனியாகச் சோதிக்க வழி உண்டா? எட்டு வாரம் காத்திருக்கும் முன் ஒரு முன்சோதனையாகச் செய்யலாம் என்று யோசனை. இன்னொன்று, சுத்தமான மண்ணில் ஈய நைட்ரேட்டும் துத்தநாகக் குளோரைடும் கலந்து, படிப்படியான அளவுகளில் ஒரு வரிசை வைத்தால் இந்த மண்ணோடு ஒப்பிட முடியுமா?

---

களிமண்:

விலகல் சோதனை இருக்கிறது, ஐஎஸ்ஓ 17512-1. 48 மணி நேரத்தில் முடியும். செவ்வகப் பெட்டியின் நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் சோதனை மண், மறுபக்கம் ஒப்பீட்டு மண், இரண்டிலும் ஒரே ஈரம், ஒரே உயரம். தடுப்பை உருவிவிட்டு, அது இருந்த கோட்டின் மேலேயே பத்துப் புழுக்களை விட்டு மூடுங்கள். தீனி வேண்டாம். 20 டிகிரி. 48 மணி கழித்துத் தடுப்பை அதே இடத்தில் சட்டென்று இறக்கி, இரு பக்கமும் எண்ணுங்கள். தடுப்பில் அகப்பட்டு இரண்டான புழுவைப் பக்கத்துக்கு அரை என்று எழுதலாம். ஐந்து பெட்டி வையுங்கள். சோதனை மண்ணில் மொத்தத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவான புழுக்களே தங்கினால், அந்த மண் புழு வாழும் தகுதியை இழந்துவிட்டது என்று கொள்வது வழக்கம்.

முதலில் இரு பக்கமும் ஒப்பீட்டு மண்ணையே போட்டு ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அங்கேயே 40க்கு 60ஐத் தாண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், வெளிச்சமோ ஈரமோ பெட்டியின் சாய்வோ புழுவை இழுக்கிறது. முக்கியமானது: புழு செம்பை நன்றாக உணர்ந்து விலகும், எல்லா உலோகத்தையும் அதே மாதிரி உணர்வதில்லை. விலகினால் ஏதோ சரியில்லை என்பது உறுதி. விலகாவிட்டால் எட்டு வாரச் சோதனையைக் கைவிடக் கூடாது.

உப்பு கலக்கும் யோசனையில் பலர் வழுக்கும் இடம் எதிரயனி, அதாவது உப்பில் உலோகத்தோடு சேர்ந்திருக்கும் மற்ற அயனி. துத்தநாகக் குளோரைடாக 1000 மி.கி. துத்தநாகம் கொடுத்தால், கூடவே 1080 மி.கி. குளோரைடும் போகிறது. ஈய நைட்ரேட்டாக 2000 மி.கி. ஈயம் என்றால் 1200 மி.கி. நைட்ரேட். அந்த உப்பே புழுவை வதைக்கும், பழி உலோகத்துக்குப் போகும். அது போதாதென்று உலோக அயனி மண்ணிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கி வெளியே விடும், பிஎச் இறங்கும், அதனால் இன்னும் கொஞ்சம் உலோகம் கரையும். கலந்த மறுநாளே புழுவை விட்டால் நிஜத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கொடிய மண்ணில் விடுகிறீர்கள்.

செய்தே ஆக வேண்டுமென்றால், உப்பைத் தண்ணீரில் கரைத்து மண்ணில் சீராகக் கலந்து, சில வாரம் ஈரத்தோடு ஊறவிட்டு, கரையும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி வடித்து, கால்சியம் கார்பனேட்டால் பிஎச்சை எல்லாப் படியிலும் ஒன்றாக்கி, பிறகு மீண்டும் மொத்தத்தையும் கால்சியம் குளோரைடு அளவையும் எடுங்கள். கூடவே உலோகமில்லாமல் அதே அளவு குளோரைடும் நைட்ரேட்டும் சோடியம் அல்லது கால்சியம் உப்பாகக் கலந்த ஒரு டப்பாவும் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பதில், உங்கள் நிலத்து மண்ணையே சரியான ஒப்பீட்டு மண்ணோடு 100, 50, 25, 12.5 சதவீதமாகக் கலந்து வரிசை வைப்பது எளிது. நிஜமான கலவையை, நிஜமான வடிவத்தில் சோதிப்பதும் அதுதான்.

---

துளியமிலம்:

புழுவின் உடலில் உலோகம் அளப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்லாத் தவறும் குடலில் இருக்கும் மண்ணிலிருந்து வருகிறது. புழுவை அலசி, ஈரமான வடிதாள் விரித்த தட்டில், தட்டுக்கு ஒன்றாக, இருட்டில் 48 மணி நேரம் விட்டு வயிற்றைக் காலியாக்குங்கள். தாளைக் குறைந்தது தினம் ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வெளியேற்றியதையே திரும்பத் தின்னும். முடிந்ததும் உறையவைத்து, உறைநிலையிலேயே உலர்த்தி, உலர் எடை எடுத்து, அடர் நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கரைத்து ஐசிபி என்ற தனிம அளவைக் கருவியில் அளக்கலாம். புழு இல்லாத வெற்று அமிலத்தையும், அளவு தெரிந்த சான்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.

குடல் மண் என்ன செய்யும் என்று ஒரு கணக்கு. உண்மையில் திசுவில் ஈயம் 128 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குடல் மண்ணாக இருந்தால், 640 கொண்ட அந்த மண் 64ஐக் கொண்டுவரும், திசுவின் பங்கு 115. கருவி 179 காட்டும், 40 சதவீதம் அதிகம். காட்மியத்தில் தலைகீழ். திசுவில் 30, மண்ணில் 2.8 என்றால் குடல் மண் அதை நீர்த்துப்போகச் செய்து 27 ஆக்கும். ஒரே தவறு ஈயத்தை ஏற்றியும் காட்மியத்தை இறக்கியும் காட்டும். பழைய அட்டவணைகளைப் படிக்கும்போது வயிறு காலியாக்கினார்களா என்பதை முதலில் பாருங்கள்.

உலர் புழுவின் அளவை உலர் மண்ணின் அளவால் வகுத்தால் திரள்வுக் காரணி. காட்மியத்துக்கு அது ஒன்றைத் தாண்டும், பத்துக்கு மேலும் போகும், மாசு குறைந்த மண்ணில்தான் விகிதம் பெரிதாகத் தெரியும். ஈயத்துக்குப் பொதுவாக ஒன்றுக்குக் கீழே. துத்தநாகத்தில், மண்ணில் எவ்வளவு ஏறினாலும் புழுவில் அவ்வளவு ஏறாது, உடல் கட்டுப்படுத்துகிறது. அதனால் துத்தநாகத்தைப் புழுவின் உடலில் அளந்து பாதிப்பை மதிப்பிட முயல வேண்டாம்.

உலோகம் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதற்கு 2003இல் வந்த ஒரு சோதனை அழகானது. லம்பிரிகஸ் ரூபெல்லஸ் புழுக்களின் வாயை மருத்துவப் பசையால் ஒட்டி, ஒட்டாத புழுக்களோடு சேர்த்து மாசு மண்ணில் விட்டார்கள். வாய் அடைபட்ட புழுவிலும் உலோகம் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. வாய் வழியின் பங்கு அதிகபட்சம் 30 சதவீதம்தான். பெரும்பகுதி ஈரத் தோல் வழியே, மண்ணிடைநீரிலிருந்து. களிமண் கால்சியம் குளோரைடு அளவைக் கேட்டது இதனால்தான்.

சுத்தம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பத்துப் புழு 4 கிராம், உலர்ந்தால் சுமார் 0.64 கிராம். அதில் காட்மியம் 30 மி.கி. வீதம் ஏறினாலும் மொத்தம் 0.019 மி.கி. உங்கள் டப்பா மண்ணில் இருப்பது 1.4 மி.கி. ஈயத்தில் 0.08 மி.கி.க்கு எதிராக 320 மி.கி., நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் புழு செத்ததும் மண்ணுக்கே திரும்பும். புழு உலோகத்தை அழிப்பதில்லை. மாசு கலந்த கழிவைப் புழு உரமாக்கினால் கரிமப் பொருள் மக்கி எடை குறையும், உலோகம் அப்படியே இருக்கும், ஆகவே கிலோவுக்கான அளவு கூடும்.

சாவுக்கு முந்தைய பாதிப்பைச் சீக்கிரம் பார்க்க இன்னொரு வழி உண்டு. ஊசியால் உடற்குழி திரவம் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் நியூட்ரல் ரெட் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் வையுங்கள். நல்ல செல்லில் சாயம் லைசோசோம் எனும் செரிமானப் பைகளுக்குள் சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். உலோகத்தால் அவற்றின் சவ்வு நைந்திருந்தால் சாயம் கசிந்து செல் முழுவதும் சிவப்பு படரும். பாதிக்கு மேற்பட்ட செல்களில் அப்படிப் படர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே அளவு. நிமிடம் குறைந்தால் பாதிப்பு அதிகம். புழுவைக் கொல்லாமலே செய்யலாம்.

---

வேர்முடிச்சு:

தெளிவாயிற்று. கடைசியாக இரண்டு. இந்த மண்ணில் சுண்ணாம்பு போட்டுப் பிஎச்சை ஏற்றினால் புழுவுக்குப் போதுமா? சோதனை முடிந்த புழுக்களை எருக்குழியில் விட்டுவிடலாமா?

---

களிமண்:

6.5க்கு ஏற்றினால் கரைந்திருக்கும் துத்தநாகமும் காட்மியமும் நன்றாக இறங்கும். ஆனால் கொட்டும் முன் ஆர்செனிக்கையும் ஆன்டிமனியையும் அளந்துவிடுங்கள். பழைய பேட்டரித் தகடுகளில் ஈயத்தோடு ஆன்டிமனியும் கொஞ்சம் ஆர்செனிக்கும் கலந்திருக்கும். இந்த இரண்டும் மற்ற உலோகங்களுக்கு எதிர்த்திசையில் நடப்பவை. பிஎச் ஏறினால் மண்ணை விட்டுக் கழன்று நீரில் சேரக்கூடும். ஈயத்தைக் கட்டப் பாஸ்பேட் போடுவார்கள், அதுவும் ஆர்செனிக்கை இடம்பெயர்த்து வெளியேற்றும். நன்கு மக்கிய உரம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மக்காத பச்சை எரு போட்டால் அதிலிருந்து கரையும் கரிமம் செம்பையும் சேர்த்துத் தண்ணீருக்கு இழுத்துவிடும். எதைப் போட்டாலும் முதலில் ஒரு டப்பாவில் போட்டு, நாலு வாரம் ஊறவிட்டு, கால்சியம் குளோரைடு அளவையும் விலகல் சோதனையையும் மறுபடி எடுங்கள். மொத்த அளவு அப்படியே 640 என்றுதான் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நிலத்திலும் பாருங்கள். மண் ஈரமாக இருக்கும் காலத்தில் 25க்கு 25 செ.மீ. சதுரம், 20 செ.மீ. ஆழம், ஐந்து இடம், அதே நாளில் ஒப்பீட்டு நிலத்திலும் ஐந்து. கையால் உதிர்த்துப் பொறுக்கி, முதிர்ந்ததையும் குஞ்சையும் தனித்தனியாக எண்ணுங்கள். மேலே சருகு மக்காமல் பாய்போல அடுக்கடுக்காகக் கிடக்கிறதா என்றும் கவனியுங்கள். செம்பு மருந்து பல்லாண்டு அடித்த பழத்தோட்டங்களில் புழு அற்றுப்போனபோது கண்ணுக்குத் தெரிந்த முதல் அடையாளம் அதுதான்.

---

புழுக்கூடை:

எருக்குழியில் விடக் கூடாது. காட்மியமும் ஈயமும் அவற்றின் உடலிலேயே இருக்கின்றன. கோழிக்கும் மீனுக்கும் போடவே கூடாது. உணவுச் சங்கிலியில் காட்மியம் ஏறும் படி அதுதான், புழு தின்னும் விலங்குகளின் சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. உறையவைத்துக் கொன்று, சோதனை மண்ணோடு மூடிய பையில் போட்டு, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வளர்ப்புக்கு இன்னும் புழு வேண்டுமென்றால் சோதனையைத் தொடாத தொட்டியிலிருந்து எடுங்கள். சல்லடை கழுவிய தண்ணீரையும் செடிக்கு ஊற்ற வேண்டாம். அதில் ஈயத் தூசியும் இருக்கும், 1 மி.மீ. கண்ணில் நழுவிய குஞ்சுகளும் இருக்கும். ஒரு வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றை அதே கழிவுப் பையில் சேருங்கள். மேலே தெளிந்த நீரிலும் உலோகம் கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் தனி டப்பாவில் எடுத்து அதே இடத்தில் கொடுத்துவிடுங்கள்.